நிறுவனர்களின் கதையிலிருந்து எதைக் கற்பது? – வாசகர் கேள்வி பதில்

சுற்றுச்சூழலையும் சமூக நலனையும் முன்வைத்துத் தொழில் தொடங்கியவர்கள் தம் வாழ்க்கையைத் தாமே சொல்லும்போது அதிலிருந்து நாம் கற்கக்கூடியது என்ன என்பதை இம்மாதப் பொருளாக அறிவித்திருந்தோம். கடலூர், புதுச்சேரிப் பகுதிகளிலிருந்து வந்த கடிதங்களே மிகுதியாக இருந்ததால், அவற்றிலிருந்து சிலவற்றைத் தேர்ந்து பதில் எழுதியிருக்கிறேன். கடிதம் எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: எங்கள் கல்லூரியில் சமூகத் தொழில்முனைவோரை அழைத்து, அவர்களுடைய சொந்தக் கதையைச் சொல்லச் சொல்கிறார்கள். கேட்கும்போது மெய்சிலிர்க்கிறது, கைதட்டுகிறோம். ஒரு வாரம் கழித்து யோசித்தால், அவர் பட்ட கஷ்டம் மட்டும் நினைவிருக்கிறது. அவர் செய்தது என்னவென்று சொல்லத் தெரியவில்லை. இத்தகைய கதைகளால் உண்மையில் பயன் உண்டா?
– வணிகவியல் மாணவி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: பயன் உண்டு. ஆனால் கதையை எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே அந்தப் பயன் அமையும். நீங்கள் குறிப்பிட்டிருப்பதைப் போல, கஷ்டமும் வெற்றியும் மனத்தில் தங்கிவிடுகின்றன. இரண்டுக்கும் நடுவே நடந்த வேலை மறந்துபோகிறது. கற்க வேண்டியதோ அந்த நடுப்பகுதியில்தான் இருக்கிறது.

நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூரைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம், மாதவிடாய் நாட்களில் மனைவி பழந்துணியைப் பயன்படுத்துவதைக் கண்டு மனம் வருந்தி, குறைந்த விலையில் சானிட்டரி நாப்கின் செய்யும் இயந்திரத்தை உருவாக்கினார். 2016-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவர் பரிசோதனைக்காக ஆட்டு ரத்தத்தைப் பையில் நிரப்பித் தன் உடலில் கட்டிக்கொண்டு நடந்ததையும், ஊரார் ஏசியதையும், மனைவி சில ஆண்டுகள் பிரிந்து சென்றதையும் எல்லோரும் சொல்கிறார்கள். இந்தக் கதையில் கற்பதற்கென்று நான் குறித்துவைத்திருக்கும் இடங்கள் வேறு. முதலாவது, அவர் பஞ்சை வைத்துத் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தார். பெரிய நிறுவனங்கள் பயன்படுத்துவது பஞ்சு அன்று, பைன் மரக்கூழிலிருந்து எடுக்கப்படும் செல்லுலோஸ் என்பதைக் கண்டுபிடிக்கவே அவருக்கு 2 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இரண்டாவது, மருத்துவக் கல்லூரி மாணவிகளிடம் நாப்கினைக் கொடுத்துக் கருத்துப் படிவம் வாங்கியபோது, சிலரே எல்லோருக்கும் சேர்த்துப் படிவங்களை நிரப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்தார். கூச்சம் இருக்கும் இடத்தில் கருத்துக்கணிப்பு பொய்த்துப்போகும் என்பது அங்கேதான் அவருக்குப் புலப்பட்டது. மூன்றாவது, வெளிநாட்டு இயந்திரங்கள் கோடிக்கணக்கில் விலை சொல்லப்பட்ட காலத்தில், ஒரு லட்சத்துக்குள் அடங்கும் எளிய இயந்திரத்தைச் செய்துவிட்டு, தாமே நாப்கின் விற்கும் முதலாளியாக அமராமல், இயந்திரத்தை மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு விற்றார். கூச்சத்தின் காரணமாகக் கடையில் கேட்டு வாங்கத் தயங்கும் பெண், தெரிந்த பெண்ணிடம் தயங்காமல் வாங்குவாள் என்ற கணக்கு அதில் இருக்கிறது. இந்த மூன்றையும் நீங்கள் வேறொரு தொழிலுக்கு எடுத்துச் செல்லலாம். ஆட்டு ரத்தத்தை எடுத்துச் செல்ல இயலாது.

இன்னொரு வழியையும் சொல்கிறேன். ஒரே சிக்கலைக் கையில் எடுத்த இரண்டு நிறுவனர்களின் கதைகளைச் சேர்த்துப் படியுங்கள். ஆரோவில்லில் 2010-இல் தொடங்கப்பட்ட எக்கோ ஃபெம் என்ற அமைப்பு, அதே மாதவிடாய்ச் சிக்கலுக்குத் துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கினை விடையாகத் தந்தது. சுற்றுவட்டாரக் கிராமங்களின் பெண்கள் அவற்றைத் தைக்கிறார்கள். வெளிநாட்டில் ஒன்று விற்றால் இந்தியாவில் ஒரு பள்ளி மாணவிக்கு ஒன்று இலவசம் என்னும் முறையும் வைத்திருக்கிறார்கள். கோவைக்காரருக்குத் தெரிந்த சிக்கல், விலை எட்டாமையும் கூச்சமும். ஆரோவில் பெண்களுக்குத் தெரிந்த சிக்கல், பயன்படுத்தி எறிந்த நாப்கின் மக்காமல் குப்பைமேட்டில் கிடப்பது. இருவருமே சரியானதைத்தான் பார்த்தார்கள். ஒரு கதையை மட்டும் கேட்டால் அதுவே ஒரே வழி என்று தோன்றும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால், துவைக்கத் தண்ணீரும் உலர்த்த மறைவான வெயிலும் இல்லாத ஒரு வீட்டில் எது உதவும் என்ற கேள்வி உங்களுக்குள்ளேயே எழும். அந்தக் கேள்வி எழுந்த பிறகு, மஞ்சக்குப்பத்திலோ முதுநகரிலோ நாலு வீடுகளில் சென்று கேட்டால், அடுத்த கூட்டத்தில் பேச வருபவரிடம் கேட்பதற்கு உங்களிடம் சொந்தச் சரக்கு இருக்கும்.

கூட்டத்தில் கேள்வி நேரம் வந்தால், "உங்கள் வெற்றியின் ரகசியம் என்ன?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். "முதல் இரண்டு ஆண்டுகள் வீட்டுச் செலவை யார் பார்த்துக்கொண்டார்கள்?" என்று கேளுங்கள். பெரும்பாலான நிறுவனர்கள் அதற்கு நேர்மையாகவே பதில் சொல்வார்கள். மனைவியின் சம்பளம், அண்ணன் கொடுத்த கடன், வெளிநாட்டில் சேர்த்த பணம், விருதுத் தொகை என்று ஏதோ ஒன்று வெளியே வரும். அது தெரியாமல் அந்தக் கதையைப் பின்பற்றுபவர் பாதி வழியில் நின்றுவிடுவார்.

கேள்வி: தவளக்குப்பத்தில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனையில் என் மாமியாருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை செய்தோம். ஏழைகளுக்கு இலவசமாகவும் மற்றவர்களுக்குக் கட்டணத்துக்கும் செய்கிறார்கள். நிறுவனரின் தியாகமே இதற்குக் காரணம் என்று அங்கே ஒருவர் சொன்னார். தியாகத்தால் மட்டும் ஒரு நிறுவனத்தை இத்தனை ஆண்டுகள் நடத்த முடியுமா?
– பள்ளி ஆசிரியை, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: தியாகம் உண்மை. ஆனால் மாதக் கடைசியில் சம்பளம் கொடுக்கத் தியாகம் மட்டும் போதாது. அதன் நிறுவனர் டாக்டர் கோ. வெங்கடசாமியின் கதையை முழுமையாகப் படித்தால், தியாகத்தோடு கணக்கும் சேர்ந்து நடப்பதைக் காணலாம்.

1918-இல் வடமலாபுரம் என்ற சிற்றூரில் பிறந்தவர். இளம் வயதில் முடக்குவாதம் விரல்களைக் கோணலாக்கியதால், மகப்பேறு மருத்துவம் பயிலும் எண்ணத்தைக் கைவிட்டுக் கண் மருத்துவத்துக்கு வந்து, அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகினார். அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின் 1976-இல், தமது 58-ஆம் வயதில், மதுரையில் 11 படுக்கைகளோடு மருத்துவமனையைத் தொடங்கினார். இந்தக் கதையை ஓய்வுக்குப் பின் தொடங்கிய சாதனை என்று சொல்வது வழக்கம். எனக்கோ அதற்கு முந்திய ஆண்டுகள்தான் முக்கியமாகப் படுகின்றன. அரசு மருத்துவராக இருந்தபோதே ஊர் ஊராகக் கண் சிகிச்சை முகாம்கள் நடத்தி, பார்வையற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள், ஏன் மருத்துவமனைக்கு வருவதில்லை, ஒரு நாளில் ஒரு மருத்துவர் எத்தனை அறுவை சிகிச்சை செய்ய முடியும் என்பதையெல்லாம் அரசுச் சம்பளத்திலேயே கற்றுக்கொண்டார். அந்த அனுபவமே அவருடைய முதல் மூலதனம். தங்கையும் தங்கை கணவரும் உள்ளிட்ட குடும்பத்தினர் பலர் கண் மருத்துவர்களாகச் சேர்ந்து உழைத்தது இரண்டாவது மூலதனம்.

அதன்பின் வேலை செய்யும் முறை. ஒரு மருத்துவருக்கு அருகருகே இரண்டு அறுவை மேசைகள். ஒரு மேசையில் அவர் சிகிச்சையை முடிக்கும்போது, அடுத்த மேசையில் செவிலியர்கள் அடுத்த நோயாளியைத் தயாராக வைத்திருப்பார்கள். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்து பயிற்சியளித்து, மருத்துவர் செய்ய வேண்டாத வேலைகள் அனைத்தையும் அவர்களிடம் ஒப்படைத்தார்கள். மருத்துவரின் நேரம்தான் மிக விலையுயர்ந்தது என்பதால், அது வீணாகாமல் இருக்கும்போது ஒரு சிகிச்சைக்கான செலவு இறங்கிவிடுகிறது. இறங்கிய செலவுக்கும் கட்டணம் செலுத்துவோர் தரும் தொகைக்கும் இடையே மிஞ்சுவதைக் கொண்டு கட்டணம் செலுத்த முடியாதவர்களுக்குச் சிகிச்சை தருகிறார்கள்.

இதில் லென்ஸின் கதையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கண்புரையை எடுத்துவிட்டுச் சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டி அனுப்பிய காலத்தை உங்கள் மாமியாரின் தலைமுறை மறந்திருக்காது. கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் வந்தபோது, வெளிநாட்டிலிருந்து வாங்கினால் ஒன்றுக்கு ஏறத்தாழ 100 டாலர் ஆயிற்று. அந்த விலைக்கு இலவசச் சிகிச்சை செய்தால் மருத்துவமனை தாங்காது. ஆகவே 1992-இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தை மதுரையிலேயே தொடங்கி, அதே லென்ஸைப் பத்து டாலர் அளவுக்கும் பின்னர் அதற்குக் கீழும் கொண்டுவந்தார்கள். நன்கொடை தேடிப் போவதைக் காட்டிலும் விலையை உடைப்பதே மேல் என்று எடுத்த இந்த முடிவை, சமூகத் தொழில்முனைவு பற்றிப் பேசும் எந்த வகுப்பிலும் முதல் பாடமாக வைக்கலாம் என்பது என் கருத்து.

இன்னொன்றும் உண்டு. சிகிச்சை இலவசம் என்று அறிவித்தால் மட்டும் ஏழைகள் வந்துவிடுவதில்லை. பேருந்துக் கட்டணம், துணைக்கு வருபவரின் கூலி இழப்பு, சாப்பாடு எல்லாம் சேர்ந்து வழியை மறிக்கும். முகாம் நடக்கும் ஊரிலிருந்தே வண்டியில் அழைத்து வந்து, உணவு கொடுத்து, சிகிச்சை முடிந்ததும் திரும்ப ஊரில் கொண்டுவிடும் ஏற்பாடு அதை அறிந்து செய்யப்பட்டது. அரவிந்தர் 1910-இல் புதுச்சேரிக்கு வந்து இங்கேயே வாழ்ந்தவர். அவர்மீது கொண்ட பற்றால் மதுரையில் வைக்கப்பட்ட பெயர், 2003-இல் நம் கடலூர்ச் சாலையிலேயே ஒரு மருத்துவமனையாக வந்து நின்றது என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

கேள்வி: எல்லோரும் வென்றவர்களின் கதையையே சொல்கிறார்கள். தோற்றவர்களை யார் அழைத்துப் பேச வைக்கிறார்கள்?
– கூட்டுறவு வங்கி ஊழியர், நெல்லிக்குப்பம்

பதில்: யாரும் அழைப்பதில்லை. அதைவிடக் கவனிக்க வேண்டியது, வென்றவரின் கதையைப் பார்த்து மற்றவர்கள் செய்த நகல் என்ன ஆயிற்று என்பது. உங்கள் துறையிலிருந்தே சொல்கிறேன். வங்கதேசத்தில் 1974-இல் நேர்ந்த பஞ்சத்துக்குப் பின், பொருளாதாரப் பேராசிரியர் முகம்மது யூனுஸ், ஜோப்ரா என்ற கிராமத்தில் மூங்கில் முக்காலி செய்யும் பெண்கள் வட்டிக்காரரிடம் சிக்கியிருந்ததைக் கண்டார். 1976-இல் 42 பேருக்கு மொத்தமாக 27 டாலர் தம் பணத்திலிருந்து கொடுத்தார். 1983-இல் அது கிராமீன் வங்கியாயிற்று. 2006-இல் அவருக்கும் வங்கிக்கும் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கதை உலகம் முழுவதும் பரவியது. ஆனால் 2010-இல் ஆந்திரத்தில், அதைப் பின்பற்றிச் சிறு தொகைக் கடன் தந்த நுண்கடன் நிறுவனங்களின் வசூல் நெருக்கடியில் பெண்கள் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டதாகச் செய்திகள் வந்து, மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவர நேர்ந்தது.

இரண்டு இடத்திலும் குழு இருந்தது, வாரத் தவணை இருந்தது, பெண்களுக்குக் கடன் இருந்தது. வேறுபட்டது உடைமை. கிராமீன் வங்கியின் பங்குகளில் பெரும்பகுதி கடன் வாங்கிய பெண்களிடமே இருந்தது. ஆந்திரத்தில் வேகமாக வளர்ந்த நிறுவனங்களுக்கோ முதலீட்டாளர்களுக்கு இலாபம் காட்ட வேண்டிய அவசரம் இருந்தது. நிறுவனரின் கருணையைக் கதை சொல்லிற்று; யாருடைய சொத்து என்பதைச் சொல்லவில்லை. கூட்டுறவில் பணிபுரியும் உங்களுக்கு இந்த வேறுபாட்டின் எடையை விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊருக்கு வராத பயிற்சி இல்லை. மெழுகுவர்த்தி, சோப்பு, கூடை, பொம்மை என்று வரிசையாக வந்தன. பயிற்சி கொடுத்தவர்கள் போனதும் தொழிலும் போயிற்று. ஆரோவில்லில் அதே சுனாமியிலிருந்து பிறந்த ஒரு பொம்மை உலகம் முழுவதும் போயிருக்கிறது என்கிறார்கள். நாங்கள் எங்கே தவறினோம்?
– மகளிர் குழுத் தலைவி, தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: அம்மா, நீங்கள் தவறினீர்கள் என்ற முடிவுக்கு முதலில் வர வேண்டாம். நீங்கள் குறிப்பிடும் சுனாமிகா பொம்மையின் கதை இது: 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு, ஆரோவில்லில் உபாசனா என்ற ஆடை வடிவமைப்பு நிறுவனத்தை நடத்திவந்த உமா பிரஜாபதி, அதிர்ச்சியிலிருந்து மீளாத மீனவப் பெண்களின் கைக்கு ஏதேனும் வேலை கொடுத்தால் மனம் ஆறும் என்று கருதினார். தையற்கூடத்தில் மிஞ்சும் துண்டுத் துணியில் விரல் நீளப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பொம்மைக்கு விலை வைக்கவில்லை, அன்பளிப்பாகவே கொடுத்தார்கள். பெற்றவர்கள் விரும்பித் தந்த நன்கொடையிலிருந்து பெண்களுக்குக் கூலி சென்றது.

இந்த முறை அந்த நேரத்தின் தேவைக்குப் பொருத்தமாக அமைந்தது. மூலப்பொருளுக்குச் செலவில்லை, பல நாடுகளிலிருந்து ஆட்கள் வந்து போகும் ஆரோவில் என்ற இடம் இருந்தது, சொல்வதற்கு ஒரு கதையும் இருந்தது. தேவனாம்பட்டினத்தில் மெழுகுவர்த்தி செய்த உங்களுக்கு இந்த மூன்றில் எதுவும் இல்லை. மெழுகைச் சந்தை விலைக்கு வாங்கி, கடையில் மலிவாகக் கிடைக்கும் பொருளோடு போட்டியிடச் சொன்னார்கள். ஒரு தொழிலைத் தேர்ந்தெடுக்கும்போது பயிற்சி கொடுப்பது யாருக்கு எளிது என்று பார்த்தார்களே தவிர, வாங்குபவர் யார் என்று பார்க்கவில்லை. இது உங்கள் ஊரில் மட்டும் நடந்ததன்று; பேரிடருக்குப் பின் வரும் திட்டங்களில் மீண்டும் மீண்டும் நடப்பது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் வந்தபோது பண்ணுருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தனவே, அப்போதும் விவசாயிக்கு வேண்டியிருந்தது கன்று காய்ப்புக்கு வரும்வரை தாங்கக்கூடிய வருமானம்.

நீங்கள் கேட்காவிட்டாலும் ஒரு யோசனை சொல்கிறேன். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த, வாங்குவதற்கு ஆள் இருக்கிற பொருள் கருவாடு. மணலில் பரப்பிக் காயவைக்கும் கருவாட்டுக்கும், உயரமான வலைப்பந்தலில் காயவைத்து மண் ஒட்டாமல், உப்பு அளவாக இட்டுப் பொதி செய்த கருவாட்டுக்கும் விலையில் நல்ல வேறுபாடு கிடைக்கும். மீன் விற்கப் போகும் பெண்களுக்கு ஐஸ் பெட்டியும், சந்தையில் நிழலுள்ள இடமும், கந்துவட்டி இல்லாத அன்றாடக் கடனும் எந்தப் புதுக் கைத்தொழிலையும்விடக் கூடுதலாக உதவும். அடுத்த முறை ஒரு நிறுவனம் பயிற்சியோடு வந்தால், "முதல் ஆண்டு எங்கள் சரக்கை யார் எடுத்துக்கொள்வார்கள், எழுத்தில் கொடுங்கள்" என்று குழுவாகக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

கேள்வி: சமூக நோக்கமுள்ள தொழிலை அறக்கட்டளையாகப் பதிவு செய்வதா, கம்பெனியாகப் பதிவு செய்வதா?
– பொறியியல் பட்டதாரி, முதலியார்பேட்டை, புதுச்சேரி

பதில்: பணம் எங்கிருந்து வரப்போகிறது என்பதே இதை முடிவு செய்யும். நன்கொடையை நம்பியிருந்தால் அறக்கட்டளை, சங்கம், அல்லது 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்கீழ் அமையும் நிறுவனம். இந்தக் கடைசி வகையில் வரும் உபரியைப் பங்காதாயமாகப் பிரித்துக்கொள்ள முடியாது, நோக்கத்துக்கே செலவிட வேண்டும். பொருளை விற்று வருமானம் ஈட்டுவதும் முதலீட்டாளரைச் சேர்ப்பதும் திட்டமானால் சாதாரணத் தனியார் நிறுவனம். உற்பத்தி செய்பவர்களே உடைமையாளராக வேண்டுமென்றால் உற்பத்தியாளர் நிறுவனம் அல்லது கூட்டுறவு. சமூக நோக்கமுள்ள அமைப்புகள் பொதுவில் நிதி திரட்ட உதவும் சமூகப் பங்குச்சந்தை என்ற ஏற்பாடு 2019 மத்திய நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டு, பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2022-இல் அதற்கு விதிமுறை வகுத்திருக்கிறது. தொடக்க நிலையில் இருப்பவர் அதைப் பற்றி இப்போதே எண்ண வேண்டியதில்லை. பதிவுக்கு முன் ஒரு பட்டயக் கணக்காளரிடம் கலந்து பேசுங்கள்.

கேள்வி: சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி வாழ்கிறோம். காற்றும் நிலத்தடி நீரும் எப்படி இருக்கின்றன என்பது எங்களுக்குத் தெரியும். சுற்றுச்சூழல் தொழில்முனைவோர் வந்து எல்லாவற்றையும் சரி செய்வார் என்பதைப் போலப் பேசுவது, அரசின் பொறுப்பையும் ஆலைகளின் பொறுப்பையும் மறைப்பதாகாதா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், குடிகாடு, கடலூர்

பதில்: மறைக்கும் வாய்ப்பு உண்டு, ஐயா. இதை நான் முழு மனத்துடன் ஒப்புக்கொள்கிறேன். ஆலைக் கழிவைச் சுத்திகரிப்பது ஆலையின் சட்டப்பூர்வக் கடமை. அதைக் கண்காணிப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கடமை. அந்த இடத்தில் ஒரு தொழில்முனைவோர் குடிநீர் வடிகட்டியை விற்க வந்தால், மாசுக்கான விலையை மாசு செய்யாதவரின் பையிலிருந்து எடுப்பதாகவே அது முடியும்.

ஆனால் உங்கள் பகுதியே இந்தத் துறைக்கு ஒரு கதையைக் கொடுத்திருக்கிறது. 2004-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சிப்காட் சுற்றுக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள், காற்றில் வரும் நாற்றத்தை நேரமும் திசையும் போட்டுக் குறித்துவைத்தார்கள். சாதாரண வாளிக்குள் ஒரு பையைப் பொருத்தி அதில் காற்றை இழுத்து அடைக்கும் எளிய கருவியால் மாதிரி எடுத்து, ஆய்வகத்துக்கும் அனுப்பினார்கள். அந்த வாளி அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், சுத்திகரிப்பு ஆலைகளை ஒட்டி வாழ்ந்த மக்களுக்காக உருவானது. ஆய்வில் நச்சு வாயுக்கள் தென்பட்டன; அதுவரை "நாற்றம் அடிக்கிறது" என்ற புகாராக மட்டும் இருந்தது, பெயரும் அளவும் உள்ள சான்றாக மாறியது. அவர்கள் யாரும் தொழில்முனைவோர் என்று அழைக்கப்படவில்லை. விருது மேடைகளிலும் ஏற்றப்படவில்லை. ஆயினும் மலிவான கருவி, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள், விடாத பதிவு ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரு பொது நன்மையை உண்டாக்கிய அவர்களுடைய அனுபவத்தை, கல்லூரிக் கூட்டங்களில் நிறுவனர்களுக்கு அடுத்த நாற்காலியில் அமர்த்திக் கேட்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன். மஞ்சக்குப்பத்து மாணவி இதைப் படித்தால், தம் கல்லூரியில் சொல்லிப் பார்க்கட்டும். குடிகாடு அங்கிருந்து தொலைவில் இல்லை.

கேள்வி: என் மகள் நல்ல வேலையை விட்டுவிட்டுக் குப்பை மேலாண்மை நிறுவனம் தொடங்கப் போவதாகச் சொல்கிறாள். காணொளிகளில் பார்த்த கதைகளே அவளுக்கு ஆதாரம். தடுப்பதா, அனுப்புவதா?
– முந்திரி வியாபாரி, பண்ருட்டி

பதில்: வியாபாரியான நீங்கள் அவளுக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி, அவளோடு உட்கார்ந்து கணக்குப் போடுவது. திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீட்டிலேயே சமையலறை ஈரக் குப்பை, உலர்ந்த குப்பை என்றெல்லாம் வகைபிரித்துக் கொடுக்கச் சொல்கின்றன. நம் ஊர்களின் குப்பையில் பாதி அளவு ஈரக் குப்பைதான். அதற்கு எடை மிகுதி, விலை குறைவு. பிளாஸ்டிக்கும் அட்டையும் விலை போகும். ஆனால் அவற்றை ஏற்கெனவே பழைய இரும்புக் கடைக்காரர்களும் தெருவில் பொறுக்குபவர்களும் எடுத்துவிடுகிறார்கள். மகளுடைய நிறுவனம் அந்த ஏழைகளின் பிழைப்பைப் பறிக்குமா, அவர்களைச் சேர்த்துக்கொள்ளுமா என்று கேளுங்கள். வருமானம் உரம் விற்பதிலா, வீடுகளிடமும் திருமண மண்டபங்களிடமும் வாங்கும் சேவைக் கட்டணத்திலா என்று கேளுங்கள்; பெரும்பாலும் பின்னதுதான் நிற்கும். வேலையை விடுவதற்கு முன், விடுமுறை நாட்களில் ஒரு தெருவிலோ ஒரு மண்டபத்திலோ செய்து பார்க்கச் சொல்லுங்கள். அதில் அவள் உறுதியாக நின்றால், எத்தனை மாதம் உங்களால் தாங்க முடியும் என்பதை வெளிப்படையாகச் சொல்லி அனுப்பிவையுங்கள்.

கேள்வி: நாங்கள் வில்லியனூரில் பரம்பரையாக மண்பாண்டமும் சுடுமண் சிற்பமும் செய்கிறோம். குஜராத்தில் ஒரு குயவர் மண்ணில் குளிர்சாதனப் பெட்டி செய்து புகழ்பெற்ற கதையைப் படித்தேன். அதைப் போல நாமும் செய்யலாமா என்று என் தம்பி கேட்கிறான்.
– சுடுமண் கைவினைஞர், வில்லியனூர், புதுச்சேரி

பதில்: உங்கள் தம்பி நல்ல கதையைத்தான் எடுத்திருக்கிறார். குஜராத்தின் வாங்கானேரைச் சேர்ந்த மன்சுக்பாய் பிரஜாபதி, 2001 நிலநடுக்கத்தில் பானைகள் உடைந்து நட்டமடைந்தவர். உடைந்த பானையின் படத்தை ஏழையின் ஃபிரிட்ஜ் உடைந்தது என்ற பொருளில் ஒரு செய்தித்தாள் வெளியிட்டதைப் பார்த்து, மின்சாரம் இல்லாமல் இயங்கும் மண் குளிர்பெட்டியை உருவாக்கினார். மேல் தட்டில் ஊற்றிய நீர் சுவர்களில் கசிந்து ஆவியாகும்போது உள்ளே குளிர்கிறது. காய்கறி சில நாட்கள் வாடாமல் இருக்கிறது.

அந்த வேலை நடப்பது நீர் ஆவியாவதால். வாங்கானேரின் கோடை, வறண்ட காற்றுள்ள கோடை. புதுச்சேரியோ கடலை ஒட்டிய ஊர். நம் காற்றில் ஈரம் மிகுதி, வியர்வையே எளிதில் உலராது. ஆகவே அதே பெட்டி இங்கே அந்த அளவு குளிராது. முதலில் ஒன்றே ஒன்று செய்து, உள்ளே ஒரு வெப்பமானியை வைத்து, சித்திரையில் ஒரு வாரமும் ஐப்பசியில் ஒரு வாரமும் அளந்து எழுதிவையுங்கள். அளவு நன்றாக வந்தால் மேலே யோசிக்கலாம்.

உங்களுக்கு இன்னும் பொருத்தமாக எனக்குப் படுவது பெங்களூரின் கதை. தொழில்துறை வடிவமைப்பு படித்து ஆசிரியையாகவும் இருந்த பூனம் பீர் கஸ்தூரி, 2006-இல் டெய்லி டம்ப் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, வீட்டிலேயே ஈரக் குப்பையை உரமாக்கும் சுடுமண் அடுக்குப் பானைகளை வடிவமைத்தார். மண்ணின் நுண்துளைகள் வழியே காற்று போய்வருவதால் குப்பை நாறாமல் மக்குகிறது. வடிவத்தைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல், வேறு ஊர்களிலும் குயவர்கள் செய்துகொள்ளும்படி வெளிப்படையாகக் கொடுத்தார் என்பதுதான் இந்தக் கதையில் நான் மிகவும் மதிக்கும் பகுதி. உங்கள் வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, சூளை இருக்கிறது, பக்கத்தில் புதுச்சேரி நகரத்து வீடுகள் இருக்கின்றன.

செய்வதானால் இரண்டைக் கவனியுங்கள். நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழை பலமாக இருக்கும். மொட்டை மாடியில் வைத்த பானைக்குள் நீர் இறங்கினால் உரம் அழுகிப் புழு வைத்துவிடும். ஆகையால் விளிம்பு வெளியே இறங்கிய மூடியும், அடித்தட்டில் வடிகாலும் வேண்டும். அடுத்து, பானையை விற்றுவிட்டு விலகிக்கொள்ளாதீர்கள். முதல் மாதம் நாற்றம் வந்தது என்று தொலைபேசி வரும். காய்ந்த இலை, தென்னை நார்த்தூள் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று வீட்டுக்கே போய்க் காட்ட உங்கள் தம்பியை அனுப்புங்கள். நார்த்தூளை மூட்டையாக வாங்கிச் சிறு பைகளில் பிரித்துக் கொடுத்தால், பானை ஒரு முறை விற்றாலும் தூள் மாதாமாதம் விற்கும்.